ரோஜா நிறத்தில் முடிந்த கிளப் சண்டை

மாமி பெர்ப்பெச்சுவா சிரித்தால் எங்கள் மைதானத்தில் ஆட்டம் நின்றுவிடும். நடுவர் விசில் அடித்துவிட்டார் என்று பையன்கள் பந்தை விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சிரிப்பு.

அவள் இங்கிலீஷ் பேசுகிற பமெண்டாப் பக்கத்து மலையூர்க்காரி. அங்கே பட்டாளமும் தனிநாடு கேட்ட காட்டுப் பையன்களும் மாறி மாறிச் சுடத் தொடங்கிய வருஷம், ஓர் அலுமினியத் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்கள் டுவாலா நகரத்துக்கு வந்தாள். பொனபேரியில் எங்கள் சந்தில் அவள் லாரியிலிருந்து இறங்கியபோது நான்தான் கேட்டேன்: "தொட்டி மழைக்கா மாமி, குண்டுக்கா?"

"ரெண்டுக்குந்தான்டா. மழை மட்டும் கொஞ்சம் ஒழுகிடுச்சு."

துணி வெளுத்துப் பிழைத்தாள். சீக்கிரமே எங்கள் கால்பந்து கிளப்பின் சட்டைகளும் அவளிடம் வந்து சேர்ந்தன. கிளப் என்றால், அதன் பெயரிலேயே சண்டை. பிரெஞ்சு பேசும் நாங்கள் 'எத்வால்' என்போம். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் 'ஸ்டார்' என்பார்கள். இரண்டுக்கும் நட்சத்திரம் என்றுதான் அர்த்தம். அதனால் என்ன, சண்டை போட அது போதுமே. இடது பக்கம் முழுக்க அவர்கள், வலது பக்கம் முழுக்க நாங்கள். வலது பின்காவலில் நான். இடது பக்கத்திலிருந்து எனக்கு ஒரு பந்தும் வந்ததில்லை. கேட்டால், "போடா தவளை" என்பார்கள், பிரெஞ்சுக்காரன் தவளை தின்பவன் என்று. நாங்களும் சும்மா இருக்க மாட்டோம். "போடா பமெண்டா" என்போம்.

ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒற்றுமை. தலைவர் எஸாமாவை யாருக்கும் பிடிக்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான் தலைவர். தேர்தல் வைப்பார், இல்லையென்று சொல்ல முடியாது. உச்சி வெயிலில் வைப்பார். கண் கூசுகிறதே என்று நெற்றியில் கை வைத்தவனையெல்லாம் தனக்குக் கை தூக்கியதாக எண்ணிக்கொள்வார். பயிற்சியாளர் அவருடைய மச்சான். அந்த மச்சானுக்குப் பந்தைக் கண்டாலே பயம். யாராவது ஓங்கி உதைத்தால் மரத்துக்குப் பின்னால் போய் நிற்பான்.

போன மழைக்காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்குத் தலைமை தாங்கும் கொலின்ஸ் கூட்டத்தில் எழுந்தான். "எங்க பக்கத்துலேருந்து ஒருத்தனைக்கூட இதுவரைக்கும் கேப்டன் ஆக்கல. நாங்க தனிக் கிளப் ஆரம்பிக்கிறோம்."

எங்கள் பக்கத்துக் கேப்டன் கம்டெம் துள்ளினான். "போங்கடா! மைதானம் எங்களுது."

"உங்கப்பனா வெட்டினான் மைதானத்த?"

எஸாமா இரண்டு கையையும் உயர்த்தி அமைதிப்படுத்தினார். "நல்ல யோசனை தம்பிகளா. ரெண்டு கிளப்பா பிரிஞ்சுக்கங்க. ரெண்டுக்கும் நானே தலைவரா இருக்கேன்."

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணியும் மோத வேண்டும், ஜெயித்தவர்களுக்கு மைதானம் என்று முடிவானது. எங்களுக்குச் சிவப்புச் சட்டை, அவர்களுக்கு வெள்ளை. எல்லாம் சந்தையில் வாங்கிய புதுத்துணி. சட்டையைத் துவைத்துத் தரச் சொல்லி இரண்டு பேரும் தனித்தனியாக மாமியிடம் போனார்கள்.

"தவளைங்க சட்டையோட எங்களுத சேர்த்து ஊறப்போடாதீங்க மாமி," என்றான் கொலின்ஸ்.

"அவனுங்க சட்டை பக்கத்துலகூட எங்களுது வரக்கூடாது," என்றான் கம்டெம்.

"சரிடா ராசாக்களா, உங்க சட்டைங்கள தனித்தனி அறையில வச்சுத் தாலாட்டுறேன்," என்றாள் மாமி.

அவளிடம் இருந்தது ஒரே தொட்டி. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாமென்றால் அதில் மரவள்ளிக்கிழங்கு ஊறிக்கொண்டிருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாள். வெள்ளைச் சட்டைகள் வெட்கப்பட்டதுபோல் சிவந்தன. பதறிப்போய் இருந்த ப்ளீச்சையெல்லாம் கொட்டினாள். சிவப்பும் வெளிறியது. வெளியே எடுத்தபோது அத்தனை சட்டையும் கொய்யாப்பழத்தின் உள்பக்க நிறம்.

ஞாயிறன்று சட்டைகளைப் பார்த்துக் கம்டெம் அழாத குறை. கொலின்ஸ், "இது சதி!" என்று கத்தினான். யார் செய்த சதி என்று கேட்டால் பேச்சை மாற்றினான். மாமி அவன் ஊர்க்காரியல்லவா! மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. பஃப்-பஃப் என்கிற மாவு உருண்டை சுடுகிற பெண்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அதையே மாட்டிக்கொண்டு இறங்கினோம்.

அப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எவன் நம்மவன், எவன் அவர்களவன் என்று ஓடுகிற ஓட்டத்தில் தெரியவில்லை. குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் அதிலும் மோசடி. "அண்ணே, இங்க, இங்க!" என்று அழகான பிரெஞ்சில் ஒரு குரல் வந்தது. கொடுத்தேன். கொலின்ஸ்! எங்கள் வலைக்குள்ளேயே அடித்துவிட்டுப் போனான். "உனக்குப் பிரெஞ்சு தெரியுமாடா?" என்று கத்தினேன். "தெரியும். உங்கிட்ட பேசப் பிடிக்காது, அவ்வளவுதான்!" என்றான். கம்டெம் மட்டும் சளைத்தவனா? பமெண்டாக்காரர்கள் பேசுகிற பிட்ஜின் இங்கிலீஷில் கூவிக் கூவி அவர்களிடமிருந்தே பந்தை வாங்கிப் பதிலுக்கு அடித்தான். இடது பக்கத்துக்காரர்களிடமிருந்து எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்து வந்தது. வந்த சந்தோஷத்தில் தடுக்கி விழுந்தேன்.

நடுவர் ஹமாடு வடக்கே மாட்டுக்காரக் குடும்பம். எங்கள் இரண்டு மொழிச் சண்டையும் அவருக்குத் தலைவலி. கொஞ்ச நேரத்தில் கையை விரித்துவிட்டார். "பந்து வலைக்குள்ள போனா கோல். யாருக்குன்னு நீங்களே பேசி முடிச்சுக்கங்க." அதன் பிறகு ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு பக்கமும் குதித்து ஆடியது.

இடைவேளையில் எஸாமா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "அன்பு மக்களே! பிரிந்தவர்களை ஒரே நிறத்தில் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன். இந்த ரோஜா நிறம் என்னுடைய யோசனை. பல மாதங்கள் சிந்தித்து..."

"தலைவரே!" கூட்டத்துக்குள்ளிருந்து மாமியின் குரல். "அதே தொட்டியிலதான் உங்க ஜட்டியும் கிடந்துது. காலையில வீட்டுல கொண்டாந்து குடுத்தேனே, அதுவும் உங்க யோசனையா?"

எஸாமா நின்றார். சும்மா நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். இடுப்புப் பட்டையை ஒரு விரலால் இழுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கிலிருந்தே நிறம் என்னவென்று ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கி வாய்க்கு நேராகவே இருந்ததால், "ஐயோ கடவுளே" என்றது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

இரண்டாவது பாதி நடக்கவேயில்லை. கொலின்ஸ் கம்டெமின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாமி ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். காட்டுப் பையன்களின் கட்டளைப்படி அங்கே திங்கட்கிழமையென்றால் கதவைத் திறக்கக் கூடாது, ஒரு கடை திறந்திருக்காது; முந்தின நாளே எல்லோரும் உள்ளே அடங்கிவிடுவார்கள். மாமி ஜட்டிக் கதையைச் சொல்லச் சொல்ல, போனிலிருந்து அதே மாதிரி இன்னொரு சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும், "சாப்டியாடி?" என்று மட்டும் மாமி கேட்டாள்.

மறுவாரம் கூட்டம். தனிக் கிளப் பேச்சை மறந்து, இரண்டு பக்கமும் சேர்ந்தே எஸாமாவைப் பதவி விலகச் சொன்னோம்; அவர் இறங்க மாட்டேன் என்றார். கம்டெம்தான் வழி கண்டுபிடித்தான்: அவரைத் தலைவருக்கும் மேலே 'மகா தலைவர்' ஆக்கிவிடலாம். அவருக்கு ஒரே சந்தோஷம். புது நாற்காலியில் சிறுத்தைத்தோல் மாதிரி துணி போட்டுக் கொடுத்தோம். காலியான இடத்துக்குக் கொலின்ஸ் கம்டெமை ஒப்புக்கொள்ளவில்லை, கம்டெம் கொலின்ஸை ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ மாமி பெயரைச் சொன்னார்கள். மறுத்தால் எதை வெளியே சொல்லுவாளோ என்று இரண்டு பக்கத்துக்கும் பயம். எல்லார் துணியும் அவளிடம்தானே போகிறது! கை தூக்கினோம். நிழலில் வைத்துத்தான்.

மாமி முதல் வேலையாக மச்சானை வீட்டுக்கு அனுப்பினாள். இரண்டாவது வேலையாக எங்களைக் கலைத்துப் போட்டாள். இப்போது நான் இடது பின்காவல், எனக்கு முன்னால் கொலின்ஸ். இன்னமும் என்னைத் தவளை என்றுதான் கூப்பிடுகிறான், ஆனால் பந்து கொடுத்துவிட்டுக் கூப்பிடுகிறான். கிளப்பின் பெயர்ச் சண்டை தீரவில்லை. தீராது என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிறு படுதோல்வி. கூட்டத்தில் ஒருவன், "மாமி, பதவிய விட்டு எறங்கு!" என்று கத்தினான்.

"வர்ற கிறிஸ்மஸுக்கு முன்னாடி தேர்தல். யாரு வேணா நில்லுங்கடா," என்றாள் மாமி.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து பெயர் கொடுத்தவர் எஸாமா.

"நீங்கதான் மகா தலைவராச்சே?" என்றேன்.

"அது இருக்கட்டும் தம்பி," என்றார் அவர். "அங்க மேல உக்காந்தா யாருமே திட்ட மாட்டேங்கிறாங்க."