எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை

என் தம்பிக்கு மனநோய். இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ஷிப்ட் முடியும் முன்பே வந்து, சூப்பர்வைசர் தன் காதுக்குள் உட்கார்ந்து பேசுகிறார் என்றான். அன்றிலிருந்து அரியாங்குப்பத்தில் என் வீட்டுப் பின் அறைதான் அவனுக்கு. அம்மா அப்பா இல்லை. என் கணவர் அவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதற்காகவே அவருடைய குறட்டையைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மாத்திரை போட்டால் சாதுவாக இருப்பான், எனக்குக் கீரை ஆய்ந்து தருவான். நிறுத்தினால் பத்து நாளில் ஆரம்பிக்கும். கதவைத் தாழிட்டுக்கொள்வான், சோற்றில் விஷம் என்பான். நாலு ஆண்களைக் கூப்பிட்டு, அமுக்கிப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி. ஒருமுறை அப்படி ஏற்றியதில் அவன் முன்பல் போனது.

அப்புறம்தான் அந்த இரண்டு பேர் வந்தார்கள். சின்னத் தொண்டு நிறுவனம். ஏதோ வெளியூர் அறக்கட்டளை பணம் கொடுத்து நடந்தது. போன் செய்தால் ஒரு ஆண் நர்ஸும் ஒரு ஆலோசகர் பெண்ணும் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வருவார்கள். முதல் தடவை தம்பி கதவைத் திறக்கவில்லை. அவர்கள் தட்டவும் இல்லை. நர்ஸ் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நான் இங்கதான் ஒக்காந்துருக்கேன். அவசரமில்ல. நீ எப்பத் தொறக்கறியோ தொற."

மூன்று மணி நேரம் அப்படியே போனது. எனக்கு எரிச்சல். வந்து சும்மா உட்கார இவர்களுக்குச் சம்பளம் வேறு. அந்தப் பெண் அடுப்படியில் என்னோடு நின்று, "காதுல யாரும் பேசலன்னு அவரோட சண்ட போடாதீங்கக்கா. பயமா இருக்குதான்னு மட்டும் கேளுங்க" என்றாள். அத்தனை வருடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. கடைசியில் கதவை அவனே திறந்தான். தம்பி மாத்திரை போட்டுக்கொண்டு டீ கேட்டான். டீ போடும்போது நான் அழுதுவிட்டேன்.

அதன் பிறகு மூன்று தடவை கூப்பிட்டோம். ஒரு தடவைகூட யாரும் அவன் மேல் கை வைக்கவில்லை. ஸ்கூட்டரை மட்டும் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்வேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் என்பேன். பொய் எனக்குச் சரளமாக வரும்.

மகளுக்குக் கடலூர்ப் பக்கம் வரன் அமைந்தது. தாய்மாமன் எங்கே என்று கேட்டார்கள். சென்னையில் வேலை என்றேன். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லலாம் என்று. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க ஆள் அனுப்புவதும் அந்த வாரங்களில்தான்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் காலை, தோளில் பையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். முன்பின் பார்த்திராத முகம். மனநல உதவிக்கு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்களா, அதனால் பலன் இருந்ததா என்று கேட்டாள். அறக்கட்டளையிலிருந்து வருவதாகவும் பெயர் எழுத மாட்டோம் என்றும் தெளிவாகத்தான் சொன்னாள். என் காதில் எதுவும் ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டு ஆள், எப்படியோ துப்புக் கிடைத்து நாடகமாடுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

"எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல. யாரும் வந்ததும் இல்ல."

"லிஸ்ட்ல இந்த அட்ரஸ்தாம்மா இருக்கு..."

"லிஸ்ட் போட்டவங்களப் போயிக் கேளு."

கதவைச் சாத்தினேன். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாகக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கல்யாணம் நடந்தது. தம்பியை அழைத்துப்போகவில்லை. உனக்குக் கூட்டம் ஆகாது என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதற்குப் பிறகுதான் மாத்திரையை நாக்கடியில் வைத்துத் துப்ப ஆரம்பித்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கதவைத் தாழிட்டுக்கொண்டான். உள்ளே கண்ணாடி உடைந்தது. நர்ஸ் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அவர்தான் எடுத்தார்.

"ஆபீஸ மூடிட்டாங்களேக்கா. நான் இப்ப மருந்துக் கடைல வேல பாக்கறேன்."

"ஏன் மூடினாங்க?"

"பணம் குடுத்தவங்க வீடு வீடா ஆள் அனுப்பிக் கேட்டாங்க. நாங்க போன வீட்ல முக்காவாசிப் பேரு எங்களத் தெரியவே தெரியாதுன்னுட்டாங்க. போகாத வீட்டுக்குப் போனதா எழுதிக்கிட்டோம்னு நெனச்சிட்டாங்க."

நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கடையை விட்டு வர முடியாது, முதலாளி விடமாட்டார் என்றார்.

தெரு ஆண்கள் ஐந்து பேர் கதவை உடைத்தார்கள். நைலான் கயிறு கொண்டுவந்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பன்னிரண்டு வருடம் மூடி மறைத்தது பத்து நிமிடத்தில் சந்திக்கு வந்தது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கையைக் கட்டும்போது தம்பி, "அவங்களக் கூப்புடுக்கா, அவங்களக் கூப்புடு" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன். என் பெயர், தம்பி பெயர், அவர்கள் வந்த நாலு தடவை, அந்தப் பெண்ணை விரட்டியது நான்தான் என்பது, எல்லாம் எழுதினேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என்னைப் போலவே சொன்ன மற்ற வீடுகள் எவை என்று எனக்குத் தெரியாது. தெரிந்து, போய்க் கதவைத் தட்டினாலும் என்ன பதில் வரும் என்பது தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று வாரம் கழித்து, கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். துவைத்த சட்டையோடு போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு.

"வீட்டுக்குப் போலாம் வாடா."

"அவங்க ரெண்டு பேரும் வரட்டும். அவங்க இருந்தா யாரும் கட்ட மாட்டாங்க."

"அவங்க இனிமே வரமாட்டாங்கடா."

"நான் எதனா தப்புப் பண்ணிட்டனாக்கா? அதான் வரலியா?"

"இல்லடா" என்றேன்.

"இனிமே ஒழுங்கா மாத்திர போடறேன்னு அவங்ககிட்ட சொல்லுக்கா" என்றான்.

சொல்கிறேன் என்றேன்.