தபீதாள் சிரித்த கேசட்

பாகாலா ஜங்ஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த அசரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. சித்தூர் மிஷன் கோயிலில் பியானோ வாசிப்பார். கீர்த்தனையில் ஒரு விரல் பிசகாது. ஆனால் மனுஷன் உயிரை விட்டதெல்லாம் ஒரு பழைய இசைத்தட்டுக்குத்தான்.

அறுபத்து நாலில் ஊர் திரும்பிய அமெரிக்க டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போனது அது. "இதைக் கோயிலில் வாசித்துவிடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்த வாசிப்புக்குப் பூகி-வூகி என்று பெயராம். இடது கை மீட்டர் கேஜ் ரயில் மாதிரி ஓயாமல் ஓடும், வலது கை அதன்மேல் குதித்து விளையாடும். ஏதோ ஒரு சாராயக்கடையில், குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவிலேயே பதிவு செய்திருந்தார்கள். கிளாஸ் இடிபடும். யாரோ இருமுவார்கள். தரையைக் காலால் மிதிப்பார்கள். நடுவில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பாள். பூட்டிய அறையில் சுத்தமாகப் பதிவு செய்த தட்டெல்லாம் அசரியாவுக்குச் சப்பென்றிருக்கும். இந்தத் தட்டில் ஆட்கள் இருந்தார்கள். என்றைக்கோ செத்துப்போனவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சிரிக்கிற பொம்பளைக்காகத்தானே தட்டைத் தேய்ச்சிக்கினு கீறே?" என்பாள் மனைவி தபீதாள். "நான் சிரிச்சா ஆவாதா?"

மகன் ஞானசிங் குவைத்துக்குப் போனதும், கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பச் சொல்லி டேப் ரெக்கார்டரும் சில கேசட்டுகளும் அனுப்பினான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து சபை கலைந்ததும், அசரியா டேப் ரெக்கார்டரைப் பியானோமேல் பதிவில் ஓடவிட்டுப் பூகி-வூகியில் இறங்கினார். தபீதாள் வாசலில் காவல். காவலாவது ஒன்றாவது, கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து தாளம் தப்பித் தப்பிக் கைதட்டினாள். அப்புறம் சிரித்தாள். தட்டில் சிரித்தவள் இவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அந்தக் கேசட்டின்மேல் அசரியா ஒரு எழுத்தும் எழுதவில்லை. சபைப் பெரியவர்கள் கண்ணில் பட்டால் பியானோவைப் பூட்டிவிடுவார்களே. காலிக் கேசட்டுகளோடு காலிக் கேசட்டாகப் பெட்டியில் போட்டுவைத்தார்.

எண்பத்து மூன்றில் மூளைக்காய்ச்சல் வந்து தபீதாள் போய்விட்டாள். ஞானசிங்குக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மா அடக்க ஆராதனையையாவது ரெக்கார்டு பண்ணி அனுப்பு நைனா" என்று டிரங்க் காலில் அழுதான். பெயர் எழுதாத கேசட் ஒன்றை அசரியா தம் கையாலேயே எடுத்துத் தங்கை கிருபாபாயிடம் நீட்டினார்.

"காலிதாம்மா. போடு."

அடக்கம் முடிந்த மறுவாரம், அவள் சிரிப்பைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பெட்டியிலிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாவற்றிலும் வெறும் இரைச்சல். கடைசிக் கேசட்டும் இரைந்தது. மேஜைமேல் குவைத்துக்குக் கட்டிவைத்த பார்சல் இருந்தது.

கிராமபோனுக்குள் அந்த முகம் தெரியாத பெண்ணின் சிரிப்பு பத்திரமாக இருந்தது. தம் பெண்டாட்டியின் சிரிப்பைத் தாமே அழித்துவிட்டார். அசரியா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு பார்சலைப் பிரித்துக் கேசட்டைப் போட்டார். கீர்த்தனை, பிரசங்கம், கல்லறையில் மண் விழும் சத்தம். போதகர் ஐயர் ஜெபிக்கத் தொடங்கினார். அவர் கண்ணை மூடினால் சோறு ஆறிவிடும் என்று சபையே கேலி பேசும். அன்றைக்கு மட்டும் மழை பிடித்துக்கொண்டதால் சட்டென்று ஆமென் சொல்லிவிட்டார். டக்கென்று ஒரு சத்தம், கிருபாபாய் பதிவை நிறுத்தியது.

இடது கை ஓடியது. ரயில் வந்து நிற்பதுபோல் வாசிப்பு முடிந்தது. கைதட்டல், தாளம் தப்பி. மூச்சு வாங்கும் சிரிப்பு. அதன்மேல் புருஷனைக் கூப்பிடும் தபீதாளின் குரல்.

"போதும் ஞானசிங் நைனா. அடுப்புல ஒல காஞ்சிக்கினு கீது, ஊட்டுக்கு வா."

அசரியா வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.