ஐனோவுக்குக் கொடுத்த மல்லாட்டை உருண்டை

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட வாசலில் புது ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் படம். நடுவில் ஒரு பெண், இரட்டைச் சடை, முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். கட்டியவர் ஏணியில் நின்றபடியே, "டீச்சர், நேரா இருக்குதா பாருங்க" என்றார். அண்ணாந்து பார்த்தேன். இருக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். கணக்கு டீச்சருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைத்திருப்பார். விருத்தாசலத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வெயில் என்னை ஒன்றும் செய்ததில்லை. சிவப்புக் கட்டம் போட்ட பிள்ளை முகம்தான் எனக்கு ஆகாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.எட். படிக்கும்போது பயிற்சிக்காக இரண்டு மாதம் பின்லாந்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என் கையால் ஒரு உருண்டை வாங்கித் தின்றுவிட்டு மூச்சுக்குத் தவித்தாள். அவள் பெயர் ஐனோ. அந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் படத்தைச் சிவப்புக் கட்டம் போட்டுத்தான் ஒட்டியிருந்தார்கள்.

பின்லாந்து என்ற பெயர் எங்களைப் போல வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்களுக்குச் சொர்க்கத்தின் இன்னொரு பெயர். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, அங்கே பரீட்சை இல்லை, பிரம்பு இல்லை, வீட்டுப்பாடம் இல்லை என்று ஆரம்பித்துவிடுவார். எங்கள் கல்லூரியில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவளை வீட்டில் விடவில்லை. என் அப்பா விட்டார். அவர் செராமிக் கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். காலம் முழுக்க ஆயிரம் டிகிரிக்கு மேலே பார்த்தவருக்கு மைனஸ் இருபது என்றதும் நம்பிக்கை வரவில்லை. "அவ்ளோ குளுருல பிள்ளைங்க எப்பிடி ஸ்கூலுக்குப் போவும்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அம்மாவுக்குக் குளிரைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு ஒரே கவலைதான்: பெண் வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழையப் போகிறாளே. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். திட்டக்குடி மாமா கொல்லையில் விளைந்த மல்லாட்டை ஒரு மூட்டை வந்திருந்தது. அதை மணலில் வறுத்து, தோலைப் புடைத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு உரலில் நைய இடித்து உருண்டை பிடித்தாள். மிக்ஸியில் அரைத்தால் எண்ணெய் விட்டுவிடும் என்பாள். அவள் உருண்டையில் ஒரு பருப்பைக்கூட முழுசாகப் பார்க்க முடியாது. சந்தன நிறத்தில் மொழுமொழுவென்று இருக்கும். வறுக்கிற வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். யாராவது எட்டிப் பார்த்து, "என்னா விசேஷம்?" என்பார்கள். பளபளப்பு சரியாக ஏறவில்லை என்று கம்பெனியில் கழித்த பீங்கான் ஜாடி ஒன்றை அப்பா வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். எப்போதும் அதில்தான் போட்டு வைப்பாள். அந்தத் தடவை ஜாடியிலிருந்து நாற்பது உருண்டையை எடுத்து டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். "பிள்ளைங்களுக்குக் குடு. ஒன்ன மறக்க மாட்டாங்க" என்றாள். அது உண்மையாகத்தான் போயிற்று.

என்னை ஹன்னா என்ற ஆசிரியையின் வகுப்பில் போட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். உயரம், நரைத்த கிராப்பு. முதல் நாள் என்னை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் விதிமுறைகளைச் சொன்னார். அவர் இங்கிலீஷ் வேகமாகப் போயிற்று. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதிப் பாதிக்கு நான் "எஸ் மேடம்" போட்டேன். நம்மூர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் தடவை கேட்டால், "அப்ப இவ்ளோ நேரம் என்னாத்த கவனிச்ச?" என்பார்கள். அதற்குப் பயந்து தலையாட்டப் பழகியவள் நான். தலையாட்டுவதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினார். மடித்துப் பைக்குள் வைத்தேன். அது பையிலேயே இருந்தது.

மறுநாள்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆசிரியர் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. ஒரே ஒரு பிள்ளையின் முகம், சிவப்புக் கட்டம், கீழே அவர்கள் மொழியில் மூன்று வரி. நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நம்மூரில் பிள்ளை படத்தை எதற்கு ஒட்டுவார்கள்? ரேங்க் இல்லாத நாடு என்றார்களே, பார், இங்கேயும் முதல் மாணவி உண்டு என்று சிரித்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று தட்டை நிரப்பிக்கொள்ள, ஐனோவுக்கு மட்டும் மூடிபோட்ட தனித் தட்டு, அவள் பெயர் எழுதி வந்தது. முதல் மாணவிக்கு மரியாதை என்று நினைத்தேன். அவள் வெளியே விளையாடப் போனால் ஹன்னா ஒரு சின்னச் சிவப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போவார். காசு வைத்திருக்கிற பை போல என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது ஒவ்வொன்றும் என் முன்னால் வந்து நின்று, பார், பார் என்று சொன்னது தெரிகிறது. ஏழு வாரம் சொன்னது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறும் காலுறையோடு நடப்பார்கள். கோயிலுக்குள் போகிற மாதிரி இருக்கிறது என்று முதலில் ஆசையாக இருந்தது. போகப் போகப் பிடிக்கவில்லை. காலடிச் சத்தமே இல்லை. திரும்பினால் யாராவது பின்னால் நிற்பார்கள். நவம்பர் மாதம் வேறு. மூன்று மணிக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கறுத்துவிடும். ஏதோ வரப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டு ஞாபகம் என்று அதை அடக்கினேன்.

கடைசி வாரம் என் மாதிரி வகுப்பு. புள்ளிக்கோலத்தை வைத்து எண் வரிசை சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் கொண்டாடினார்கள். மணி அடித்ததும் ஹன்னா மற்றவர்களைக் கோட்டு மாட்ட வெளி நடைக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஐனோ மட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசிப் புள்ளியையும் வளைத்து முடித்துவிட்டுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு இழை தப்பவில்லை. முதல் மாணவி என்றால் சும்மாவா என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. மாதிரி வகுப்பு முடிந்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அதுவரை எடுத்துவைத்திருந்த டப்பாவைத் திறந்து முதல் உருண்டையை அவளுக்குக் கொடுத்தேன்.

அவள் உடனே வாயில் போடவில்லை. உருண்டையைக் காட்டினாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி அவள் மொழியில் என்னமோ கேட்டாள். கேள்வி என்று தெரிந்தது. இந்தியச் சாப்பாடு என்றாலே காரம் என்று அந்தப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்துகொண்டிருந்த சமயம். காரமா என்று கேட்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். "ஸ்வீட், ஸ்வீட். நோ ப்ராப்ளம்" என்று பலமாகத் தலையாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் சொன்னால் சரிதான் என்று ஒரு பிள்ளை பார்க்குமே, அந்தப் பார்வை. பாதியைக் கடித்தாள்.

இரண்டு தடவை மென்றிருப்பாள். உதட்டைச் சொறிந்தாள். மீதிப் பாதியை என் மேஜையில் பதனமாக வைத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அவள் அழவில்லை. கதவு வரைக்கும் நடந்து போய் "ஹன்னா" என்று கூப்பிட்டாள். அது அவள் குரலாக இல்லை. கிழவியின் குரல் மாதிரி கரகரத்தது.

ஹன்னா ஓடிவந்து மேஜையில் இருந்த பாதி உருண்டையைப் பார்த்தார். இதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். மல்லாட்டைக்கு இங்கிலீஷில் என்ன என்பது எனக்கு வரவே இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிவப்புப் பைக்குள்ளிருந்து பேனா மாதிரி ஒரு ஊசியை எடுத்து, உடுப்புக்கு மேலேயே ஐனோவின் தொடையில் குத்திப் பிடித்தார். இன்னொரு கையில் போன். பிள்ளையின் கண் வீங்கி மூடிக்கொண்டது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் பனி ஒட்டிய பூட்சோடு உள்ளே வந்து அவளைத் தூக்கிப்போனார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் காலணியோடு யாராவது வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோட்டை எடுக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். கதவில் இருந்த படத்தில் ஐனோ சிரித்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்க்கிற வசதி என் போனில் முதல் நாளிலிருந்தே இருந்தது. கடையில் பால் பாக்கெட்டுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அந்த மூன்று வரிக்கு மட்டும் காட்டியதில்லை. அன்றைக்குக் காட்டினேன். வேர்க்கடலை துளியும் கொடுக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும், ஊசி சிவப்புப் பையில் இருக்கிறது என்று வந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயங்கரம். நம்மூர் என்றால் வாசலில் கூட்டம் கூடியிருக்கும், நாலு பேர் கத்தியிருப்பார்கள், ஒருத்தர் கையை ஓங்கியிருப்பார். நானும் அழுது தீர்த்திருப்பேன். அங்கே தலைமை ஆசிரியர் ஒரு தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். ஐனோ உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அறைக்குத் திரும்பி, விடிகிற வரைக்கும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஹன்னா போன் செய்து, பிள்ளை கண் விழித்துவிட்டாள், கோலத் தாளைக் கேட்கிறாள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "முதல் நாள் நீ எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாய். புரிந்ததைத் திருப்பிச் சொல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் வகுப்புக்கு வா."

போனேன். மத்தியானம் ஐனோவின் அம்மா வந்தார், கோலத் தாளை வாங்கிப்போக. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தூங்காத கண். அடிக்கப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். உருண்டையை நீயா செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, என் அம்மா என்றேன். "உன் அம்மாவிடம் சொல்லாதே" என்றார். அவ்வளவுதான். தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்கு என் வகுப்பில் ஒரு பிள்ளை தலையாட்டினால் நான் விடமாட்டேன். "என்னா புரிஞ்சுது, சொல்லு" என்பேன். எனக்குப் புரியாததை யாரிடமும் புரியலை என்று சொல்ல இப்போது கூச்சம் இல்லை. பிறந்தநாள் சாக்லேட் கொண்டுவரும் பிள்ளையைக்கூட நிறுத்தி உறையைப் படித்துவிட்டுத்தான் கொடுக்க விடுகிறேன். மற்ற டீச்சர்களுக்கு இது வேடிக்கை. பின்லாந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். ஒரு பிள்ளையின் மூச்சைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன்.

ஐனோவின் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் காப்பாற்றினேன். ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கியதும் அம்மா கேட்டது, "பிள்ளைங்க சாப்டுச்சுங்களா?" சாப்டுச்சுங்கம்மா என்றேன். "என்னா சொல்லுச்சுங்க?" இன்னும் இருக்குதான்னு கேட்டாங்க என்றேன். ஒரு பொய் போதவில்லை; இரண்டாவதையும் சேர்த்தேன். மீதி முப்பத்தொன்பதையும் அந்த ஊர்க் குப்பைத் தொட்டியில் கொட்டிய கை இது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் அம்மா ஆரம்பித்தாள்: "பின்லாந்துப் பிள்ளைங்க எங் கையால செஞ்சத கேட்டு வாங்கித் தின்னுச்சுங்களாம்." அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சொன்னாள். கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசில் சத்தம் என் காதில் வரும்.

பொய்யைச் சொல்ல வாய் வந்தது. உருண்டையைத் தின்ன வாய் வரவில்லை. அம்மா நீட்டுவாள், அப்புறம் சாப்பிடுகிறேன் என்பேன். ஜாடியில் போட்டது போட்டபடி காறிப்போகும். இரண்டு வருஷம் பார்த்தாள். ஒரு நாள் கேட்டாள். "ஏம்மா, நல்லா இல்லியா?" பல் வலி என்றேன். அவள் ஒன்றை எடுத்துத் தானே கடித்து, ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தாள். அடுத்த அறுவடைக்கு மாமா அனுப்பிய மூட்டையை அப்படியே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். ஜாடியையும் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் மல்லாட்டை வறுக்கவில்லை. கோயில் வாசலில் பின்லாந்துக் கதையும் நின்றுபோயிற்று.

போன ஞாயிறு கோயில் வாசலில் ஒரு அக்கா அம்மாவிடம் கேட்டார், "என்னாக்கா, இப்பல்லாம் உருண்ட புடிக்கிறதில்லியா? வெளிநாட்டுப் பிள்ளைங்கல்லாம் தின்னுச்சுங்கன்னு சொல்லுவிங்களே." அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அது எப்பவோ. அப்ப கையில பக்குவம் இருந்துச்சு. இப்ப எம்பொண்ணே தொட மாட்டேங்கிறா" என்று சிரித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.