மிஸ் அடிக்கும் இன்ஜின்

திருவள்ளூரில் இதய மருத்துவரின் கிளினிக்கில் ஈசிஜிக்குக் காத்திருந்தேன். விரல்கள் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தன. ஓய்வு பெற்றபின் எனக்கு இதுதான் முழுநேர வேலை. என் இதயம் நடுநடுவே ஒரு துடிப்பை விட்டுவிடும். ஈசிஜி எடுக்கும்போது மட்டும், மேலதிகாரி வந்த அலுவலகம்போல ஒழுங்காகிவிடும். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவைப்பார். வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். தூங்கப் பயந்து விழித்துக் கிடப்பேன்.

மின்சாரம் போனது. வெளியே ஜெனரேட்டர் திணறித் திணறி ஓடியது. டீசல் புகை உள்ளே வந்தது.

எளாவூர்ப் பக்கம் எங்கள் நெல்வயலில் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினும் இப்படித்தான் நடுநடுவே ஒரு துடிப்பு தவறி மிஸ் அடிக்கும். அதன் பக்கத்திலேயே துண்டை விரித்து நைனா மத்தியானம் தூங்குவார். சோறு கொண்டுவரும் அம்மாவுக்கு எரிச்சலாக வரும்.

"இன்னாய்யா, இன்ஜின் மிஸ் அடிக்குது, நீ பாட்டுக்குத் தூங்கிக்கினு கீற?"

நைனா கண்ணைத் திறக்க மாட்டார்.

"ஓடிக்கினுதானே கீது. நின்னா நானே எழுந்துக்குவேன். சோத்த வச்சிட்டுப் போ."

எனக்கு அந்த வசதி இல்லை. என் இன்ஜின் நின்றால் எழுந்து பார்க்க நான் இருக்க மாட்டேன். அப்படியானால் இந்தக் காவல் எதற்கு? மணிக்கட்டிலிருந்து விரல்களை எடுத்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். நர்ஸ்.

"இன்னா சார், ஈசிஜிக்கு வந்துட்டுத் தூங்கிக்கினு கீறீங்க?"