மணிக்கும் ஒரு கூறு

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஆலையில் கதவடைப்பு. மாதக் கணக்கில் சம்பளமில்லை. வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான்.

"பசங்களுக்கே இல்ல, நாய்க்கு எங்க போறது? கடலாண்ட வுட்டுட்டு வாய்யா. மீனு தின்னு பொழச்சிக்கும்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். அங்கே மீனவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மணலில் கிடந்த கயிற்றின் நுனியை மணி கவ்வியது. காலை ஊன்றி, அதுவும் இழுக்க ஆரம்பித்தது.

"டேய், வுடுடா!" என்று அதட்டினேன். உறுமியதே தவிர விடவில்லை.

வரிசையில் கடைசியாக நின்ற மீனவர் திரும்பிப் பார்த்தார். "நாயே இஸ்துகினு கீது. நீ இன்னா நைனா, வேடிக்கை பாத்துகினு கீற? புடி!"

ஆலைத் தொழிலாளிக்கு இதெல்லாம் எதற்கு என்று அதுவரை எனக்கு ஒரு வீம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். வலை கரையேறியபோது உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

கயிறு பிடித்த எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது அங்கே வழக்கம். அந்த மீனவர் எனக்கு ஒரு கூறு மீன் வைத்தார். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

"இது அதுக்கு. அதுவும் இஸ்துச்சில்ல?"

இரண்டையும் துண்டில் முடிந்துகொண்டு மணியோடு வீடு திரும்பினேன். மனைவி அடுப்பை மூட்டினாள்.

ஆலை திறக்கும்வரை தினமும் போனோம். அப்போது உங்கள் வீட்டில் எத்தனை பேர் சம்பாத்தியம் என்று யாராவது கேட்டால், இரண்டு பேர் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.