மலை ஹோட்டல், கடல் ஹோட்டல், ஒரு ரிப்போர்ட்

1. பதினோராம் நம்பர் அறை

பதினோராம் நம்பர் அறைக் கதவை நான் மூன்றாவது முறை தட்டியபோது சாயங்காலம் நாலேகால். உள்ளே இருந்தவர் எங்கள் ஆபீஸ் ரீனாதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "தலை கனக்குது பொஷொந்தா. கொஞ்சம் படுக்கறேன். நீ ஹோட்டல் மானேஜரோட போய் கிச்சனைப் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனவர். என் பெயர் வசந்தா. வங்காளி வாயில் அது அப்படித்தான் வரும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்கத்தாவில் எஸ்பிளனேடு பக்கம் ஒரு டிராவல் ஏஜென்சியில் நான் கரெஸ்பாண்டன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற கடிதங்களைப் படித்துப் பதில் டைப் செய்வது என் வேலை. ரீனாதி டிக்கெட் கவுண்ட்டரில் என்னைவிடப் பன்னிரண்டு வருடம் சீனியர். ஹௌராவிலும் சியால்தாவிலும் கிளம்பும் ரயில்களின் நேரத்தை டைம்டேபிள் பார்க்காமல் சொல்வார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வயதானவர்களைக் குளிர்காலத்தில் அழைத்துவர இருந்தது. ஐந்து நாள் ஓய்வுக்கு ஏதாவது ஓர் இடம் வேண்டும். ஒன்று, டார்ஜிலிங் பக்கத்து மலை ஊர் ஒன்றில் இருந்த ஹோட்டல். இன்னொன்று, ஒரிசா கடற்கரையில். இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்தவை. எங்கள் மேனேஜர் சேஷாத்ரி சார், "ரெண்டுலயும் தங்கிப் பார்த்து கம்பேர் பண்ணி எழுதுங்கோ. ரெண்டு பேருமா போங்கோ, பேச்சுத் துணையா இருக்கும்" என்று அனுப்பி வைத்தார்.

மலை ஹோட்டலைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். முகம் தெரியும்படி பாலிஷ் போட்ட தேக்கு மாடிப்படி. வெள்ளி டீ பாட். படுக்கையில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை. அறைக்கு அறை கணப்பு. லேக் மார்க்கெட்டில் இரண்டு அறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவள் நான். முதல் நாளிலேயே புகழ்ந்து மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலையிலிருந்து மூட்டம் இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரம்கூடத் தெரியவில்லை. அந்த மதியம்தான் ரீனாதி படுக்கப் போனார்.

மூன்றாவது தட்டலுக்கும் பதில் இல்லாததால் அறைப் பணி செய்யும் பேரர் கர்ண பகதூரைக் கூப்பிட்டேன். அவன் மாற்றுச் சாவியால் திறந்தான். உள்ளே நல்ல கதகதப்பு. கணப்பில் கோக் கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. புகை கண்ணில் தெரியவில்லை. ரீனாதி ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். தோளைத் தொட்டு உலுக்கினேன். தலை துணிப்பொம்மைத் தலைபோல் சாய்ந்தது. வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

"ரீனாதி!" என்று கத்தினேன்.

கர்ணா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்கு ஓடினான். இரண்டு கதவையும் தள்ளித் திறந்தான். பிறகு கணப்புக்குப் போய்ச் சாம்பலை வாரி நெருப்பை மூடினான். அதற்குப் பிறகுதான் கட்டிலுக்கு வந்தான். "பகடியே, மேம்சாப், பகடியே" என்று என்னையும் பிடிக்கச் சொல்லிக் கால்பக்கம் பிடித்துக்கொண்டான். நான் தோளைப் பிடித்தேன். இருவருமாக இழுத்து வராந்தாவில் கிடத்தினோம். அங்கே நின்றபோதுதான் எனக்கும் தலை சுற்றுவது தெரிந்தது.

மூர்ச்சையாகிக் கிடக்கும் ஒருத்தியை விட்டுவிட்டு ஒருவன் முதலில் ஜன்னலுக்கு ஏன் போகவேண்டும்? அந்தக் கேள்வி அப்போதே மனதில் விழுந்தது. கேட்க நேரமில்லை.

2. "ஆல்டிட்யூட், மேடம்"

தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்று மூன்று மைலில் இருந்தது. ஹோட்டல் ஜீப்பில் கொண்டுபோனோம். டாக்டர் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "ரூம்ல கரி எரிஞ்சுதா?"

"ஆமாம்."

"இன்னும் அரை மணி போயிருந்தா நீங்க இவங்கள இங்க கொண்டு வந்திருக்க வேண்டாம்."

அவர் அதைக் கோபமில்லாமல், மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். எனக்கு அதன் அர்த்தம் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் ரீனாதியின் கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் ரீனாதி கண் திறந்தார். வாந்தி எடுத்தார். "எந்த ஸ்டேஷன் இது?" என்று கேட்டார்.

மறுநாள் ஹோட்டல் மானேஜர் பழக்கூடையோடு வந்தார். கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. "ஆல்டிட்யூட், மேடம். பிளெயின்ஸ்லேர்ந்து வரவங்களுக்கு இது சகஜம்" என்றார். கரியைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருக்கு எங்க ஹோட்டலைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார்.

பெட்டிகளை எடுத்துவர ஹோட்டலுக்குப் போனபோது கர்ணாவைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினான். கூரையில் வரிசையாகப் புகைபோக்கிகள். அவற்றில் மூன்றின் வாயில் தகரம் வைத்து மேலே கல் ஏற்றியிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிக் கம்பளம் கெட்டுப்போகிறது என்று மானேஜர் வைக்கச் சொன்னாராம். இரண்டு மழைக்காலம் ஆகிறது. யாரும் எடுக்கவில்லை. காற்று அடிக்கிற நாளில் கரியின் விஷவாயு இடுக்கு வழியாக வெளியேறிவிடும், மூட்டமான நாளில் அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்றான்.

"தெரிஞ்சும் ஏன் நெருப்பு மூட்டினே?"

"மூட்டாட்டி கெஸ்ட் கம்ப்ளெயிண்ட் பண்றாங்க மேம்சாப். வேலை போயிடும். மூட்டிட்டு நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சுட்டு வருவேன். அவங்க குளிருதுன்னு சாத்திக்கறாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

3. கடல் ஹோட்டல்

ரீனாதியைக் கல்கத்தாவில் அவர் அண்ணன் வீட்டில் விட்டு இரண்டு வாரம் கழித்து, நான் மட்டும் ஒரிசாவுக்குப் போனேன். போக விருப்பமே இல்லை. "பாதி ரிப்போர்ட்டை வச்சுண்டு நான் என்ன பண்ண?" என்றார் சேஷாத்ரி சார்.

கடல் ஹோட்டலைப் பார்க்க ஏமாற்றமாக இருந்தது. உப்புக்காற்றில் சுவர்க் காரை உதிர்ந்திருந்தது. விசிறி கறகறவென்று சத்தம் போட்டது. குழாயில் துருத்தண்ணீர் வந்தது. அறைக்குள் போனதும் நான் முதலில் எல்லா ஜன்னலையும் திறந்தேன். சமையலறையில் அடுப்புக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். அந்த வழக்கம் இன்றுவரை போகவில்லை.

அங்கே மானேஜர் ஒரு வயதான கோவாக்காரர், முன்பு கப்பலில் ஸ்டூவர்டாக இருந்தவர். கேட்காமலேயே, "வாங்க, எங்க ஹோட்டல்ல என்னென்ன சரியில்லேன்னு காட்டறேன்" என்றார். மாடிப் பால்கனியை இரண்டு பலகை குறுக்கே அறைந்து மூடியிருந்தார்கள். "மரம் உளுத்திருக்கு. போட்டோவில அழகா இருக்கும். ஆனா யாரையும் விட மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை கடற்கரையில் ஒரு சண்டை. குளிக்கிற விருந்தாளிகளைக் கைபிடித்து அலைக்குள் கூட்டிப்போகும் மீனவர்களை அங்கே நுலியா என்பார்கள். தலையில் கூம்புத் தொப்பி. பேச்சு தெலுங்கு. அன்று வந்த ஒரு பெரிய அதிகாரியை நுலியா ஒருவன் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. அடியில் நீர் இழுக்கிறது என்றான். அதிகாரி ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். அன்றே அறையைக் காலி செய்வேன் என்றார். மானேஜர் ஓடிவந்தார். அவர் நுலியாவைத் திட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"சார், ஜீப் ரெடியா இருக்கு. ஸ்டேஷனுக்கு அனுப்பி வைக்கறேன். ஆனா இவன் வேண்டாம்னா இன்னிக்குக் கடல் வேண்டாம்" என்றார்.

அதிகாரி போயே போய்விட்டார். நான் மணலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஹோட்டல் விருந்தாளிக்கு 'இல்லை' என்று சொல்லும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

4. ஃபைல்

மலை ஹோட்டல் வேண்டாம் என்று ரிப்போர்ட்டை டைப் செய்து சேஷாத்ரி சார் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "ஏம்மா, ப்ரோஷர் அச்சாகி வந்தாச்சு. அட்டையில மலை ஹோட்டல்தான். ஒரு நாள் ஒரு ரூம்ல நடந்ததை வச்சு எப்படி வேண்டாம்னு எழுதறது? பழைய கெஸ்ட் யாராவது கம்ப்ளெயிண்ட் பண்ணியிருக்காளா, ஃபைலைப் பாரு."

பார்த்தேன். ஃபைலில் பாதிக்குக் கீழே நீல மையில் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. முந்தைய குளிர்காலத்தில் வந்தது. தத்தா என்ற ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்ட மானேஜர் எழுதியிருந்தார். அதே ஹோட்டல். பன்னிரண்டாம் நம்பர் அறை. தங்கிய இரண்டு மதியமும் தலைவலி மண்டையைப் பிளந்ததாகவும், நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்றும், மனைவி ஒரு முறை குளியலறை வாசலில் விழுந்ததாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், "முப்பது வருடம் இதே உயரத்தில் வேலை பார்த்தவன் நான். இது மலையால் வந்ததல்ல. தயவுசெய்து விசாரிக்கவும்."

அதன் பின்னால் குண்டூசி குத்திய பதிலின் கார்பன் காப்பி. நான்கே வரி. சிரமத்துக்கு வருந்துகிறோம். கடல் மட்டத்திலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஏற்படுவது இயல்பு. நிறையத் தண்ணீர் குடிக்கவும். மறுபடியும் சேவை செய்யக் காத்திருக்கிறோம்.

இடது மூலையில் டைப் செய்தவரின் இனிஷியல் இருந்தது. அது என்னுடையது.

எவ்வளவு யோசித்தும் அந்தக் கடிதம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு நாளைக்கு முப்பது கடிதம் வரும். முதல் இரண்டு வரியைப் பார்த்ததும் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். அந்த ரகத்துக்கான பதிலைப் போடுவேன். வேகமாக வேலை செய்கிறவள் என்று எனக்கு நல்ல பெயர். கடைசி வரிவரை படித்திருந்தால் ரீனாதி அந்த அறையில் படுத்திருக்க மாட்டார். அந்தக் கார்பன் தாளைப் பிடித்தபடி நின்றேன். கரண்ட் போய் விசிறி நின்றதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு தாளையும் கொண்டுபோய் சேஷாத்ரி சார் முன்னால் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் பார்க்கவே இல்லையேம்மா."

"உங்களுக்குக் காட்டவே இல்லை சார். நானே பதில் போட்டேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ப்ரோஷர் கட்டுகளைக் காட்டி, "பியூனைக் கூப்பிடு. இதையெல்லாம் கட்டிப் பின்னால போடச் சொல்லு" என்றார்.

5. காளிகாட் வீடு

தத்தாவின் விலாசம் காளிகாட் டிராம் டிப்போ பக்கம். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அன்றே ஆபீஸ் விட்டுப் போனேன். போகிற வழியெல்லாம், அவர்கள் உயிரோடு இருக்கவேண்டுமே என்ற ஒரே நினைப்பு.

கதவைத் திறந்தது அவர் மனைவி. ஏஜென்சி பெயரைச் சொன்னதும், "வாம்மா, வா. டிக்கெட்டா?" என்றார். உள்ளே கட்டிலில் ஒரு தோல்பெட்டி திறந்து கிடந்தது. கம்பளிச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கே கிளம்பறீங்க மாஷிமா?" என்று வங்காளி வழக்கப்படி பெரியம்மா முறை வைத்துக் கேட்டேன்.

"மலைக்குத்தான். சனிக்கிழமை. இந்தத் தடவை இவரே நேரா ஹோட்டலுக்கு எழுதி ரூம் பிடிச்சார். அதே பன்னண்டாம் நம்பர். ஜன்னலோர வெளிச்சம் இவருக்குப் பிடிக்கும்."

"போன தடவை உடம்புக்கு வந்துதே..."

"அது மலையாலதான்னு உங்க ஆபீஸே எழுதிட்டாங்களே. அப்புறம் என்ன பயம்?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், கரி, ரீனாதி, கடைசியில் அந்தப் பதிலை எழுதியது நான்தான் என்பது. மாஷிமா மடித்த கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தத்தா உள்ளறையிலிருந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும், அது மலை இல்லேன்னு" என்றார் மெதுவாக. "ஆனா லெட்டர்ஹெட்ல டைப் அடிச்சு வந்துது பாரு. வயசாயிடுச்சு, நமக்குத்தான் தப்பாத் தோணியிருக்கும்னு விட்டுட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

வெளிநாட்டவர்கள் அந்தக் குளிர்காலம் கடல் ஹோட்டலுக்குத்தான் போனார்கள். துருத்தண்ணீரைப் பற்றிப் புகார் எழுதினார்கள். சேஷாத்ரி சார் மலை ஹோட்டல் முதலாளிக்கும் அந்த ஊர் அதிகாரிகளுக்கும் எழுதிய பிறகு தகரங்கள் எடுக்கப்பட்டன. கர்ணாவின் வேலை போனது. அதை என்னால் தடுக்க முடியவில்லை. ரீனாதி மூன்று மாதத்தில் கவுண்ட்டருக்குத் திரும்பினார். ஆனால் ரயில் நேரம் கேட்டால் டைம்டேபிளைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்வார். "என்னவோ மறந்து மறந்து போகுது பொஷொந்தா" என்பார். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அதே வேலையில் இருந்தேன். இன்று அந்த மாதிரி நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. புகார் எழுதுகிறவர் தன் உடம்பில் நேர்ந்ததை எழுதுகிறார். அதைக் கடைசி வரிவரை படியுங்கள். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை அவர்கள் நம்பிவிடுவார்கள்.