வசந்தாக்கா பொத்திப் பிடித்த போத்தல்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எலிக்கு வைரஸ் ஏற்றி, அதற்கு இரத்தப் புற்றுநோய் வந்ததும் மண்ணீரலை எடுத்து, அந்தச் செல்களைப் போத்தலில் வளர்க்கப் பார்ப்பதுதான் யாழ்ப்பாணத்து ஆய்வுகூடமொன்றில் என் வேலை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் செல்கள் எலிக்குள் இருக்கும்வரை அடங்காது, போத்தலுக்கு மாற்றினால் ஒரு கிழமையில் செத்துவிடும். ஒன்றே ஒன்று நிலைத்து வளர்ந்தால் போதும், பிறகு எத்தனை மருந்தையும் அதில் சோதிக்கலாம். வளரவேயில்லை. எலிகளைப் பார்த்துக்கொண்டவர் வசந்தாக்கா, காங்கேசன்துறைக்காரி. புதுப் போத்தலை இன்குபேட்டரில் வைக்குமுன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"என்னக்கா, உது பூசையோ?" என்று பகிடி பண்ணுவேன்.

"குளிருமெல்லே தங்கச்சி, உடம்பை விட்டிட்டு வந்ததுகள்."

பிறகு அவருக்கே அந்த நோய் வந்தது. எலியிலிருந்து தொற்றியது என்று ஊர் கதைத்தது. அது எலியின் வைரஸ், மனிதருக்கு வராது, எத்தனை பேருக்குத்தான் விளங்கப்படுத்துவது! ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அக்கா சிரித்தார்.

"எனக்குள்ளை இருக்கிறது சாகமாட்டன் எண்டு நிக்குது, உங்கடை போத்தலுக்குள்ளை இருக்கிறது வாழமாட்டன் எண்டு நிக்குது. ஒண்டாவது வளர்ந்தா எனக்கு வந்து சொல்லு, என்ன."

போய்ச் சொல்வதற்கு ஒன்றும் வளரவில்லை. அக்கா போய்விட்டார்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் கீரிமலைக்குப் போய், அவர் வீட்டில் சாப்பிட்டு, பின்னேரம் நான்தான் தனியே வந்து திறந்தேன். மார்கழி மழை. காலையிலேயே கரண்ட் போயிருக்கிறது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. இன்குபேட்டருக்குள் எல்லாம் ஆறிக் கிடந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒரு போத்தல் மட்டும், இப்போதுதான் யாரோ கையிலிருந்து வைத்ததுபோல, சூடாக இருந்தது.

கரண்ட் வந்ததும் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மற்றவை வழக்கம்போலச் செத்திருந்தன. இதில் செல்கள் உருண்டு திரண்டு, பிரிந்து பெருகிக்கொண்டிருந்தன. அழுகை வந்துவிட்டது. "அக்கா, வளர்ந்திட்டுது" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து அறையில் கீச்சிட்டுக்கொண்டிருந்த எலிகள் அத்தனையும் சட்டென்று அடங்கின.

அந்தச் செல்கள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. அக்காவைக் கொண்டுபோனதும் இதே நோய்தான், அதற்கு நான் தவறாமல் தீனித் திரவம் மாற்றுகிறேன். மற்றப் போத்தல்கள் மேசையில் வைத்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். இது ஆறுவதில்லை. வெப்பமானி வைத்தும் பார்த்தாயிற்று, காரணம் தெரியவில்லை. உள்ளே வைக்குமுன் நானும் இப்போது பொத்திப் பிடிக்கிறேன். என் கைதான் குளிர்ந்து கிடக்கிறது.